ஒரு சொட்டும் அலுங்கவில்லை

ஏனுங்க, நான்தான்.

இருபத்தாறு வருஷமாக உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நாலு பேர் கண்ணில் படக்கூடிய கடிதம் என்பதற்காக இப்போது மட்டும் பெயர் வந்துவிடுமா?

இங்கே நன்றாகவே இருக்கிறோம். நம் பெண் நிலாவுக்கு வேலை கிடைத்துவிட்டது. உங்கள் டிரக்கை இன்னும் விற்கவில்லை. போன வாரம் அதில்தான் உங்கள் கிளைடர் கிளப்போடு மலைக்கு அந்தப் பக்கம் போனேன், ஃப்ரீமான்ட்டிலிருந்து ஐந்து மணி நேரம். பறக்கப் போகிறேன் என்றதும் உங்கள் மகள், "அம்மா, ஆர் யூ சீரியஸ்?" என்றாள். எனக்கே சந்தேகம்தான். பத்து வருஷம் உங்கள் கிளைடர் கிளம்பும்போது இறக்கையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடிவிட்டு, ஒரு தடவையும் ஏறாமல் கையைத் தட்டிக்கொண்டு திரும்பி வந்தவள்தானே நான்!

போனதற்குக் காரணம் உங்களுக்குத் தெரியும்.

மலையைத் தாண்டி விழும் காற்று மறுபடி எழும்பும், என்ஜின் இல்லாத கிளைடரை அதுவே தூக்கிக்கொண்டு போகும் என்பீர்கள். அப்படித்தான் ஒரு நாள் தனியாக இருபதாயிரம் அடி ஏறினீர்கள். ஆனால் உயரத்தைப் பதிகிற ரெகார்டரைப் போட மறந்துவிட்டீர்கள். "எதிர்காத்துல நின்ன எடத்துலயே நின்னேன் கோமு. அரை மணி நேரம் ஒரே குளம் கீழ இருந்துச்சு. மடியில வெச்ச டீ ஒரு சொட்டு அலுங்கல." யார் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் இதைச் சொல்வீர்கள். நானும் விடாமல், "அதுக்கு ஆதாரம் எங்கீங்க?" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள், நீங்களும்தான்.

கடைசித் தடவை நீங்கள் சிரிக்கவில்லை. பிறகு அந்தக் கதையையே விட்டுவிட்டீர்கள். ஒரு வருஷம் கழித்து நெஞ்சுவலி வந்து போயும் விட்டீர்கள். அந்த முகம் எனக்கு மறக்கவே இல்லைங்க.

நம் கிளப் ஜூலிதான் பின்சீட்டில் உட்கார்ந்து ஓட்டினாள். ரெகார்டர் போட்டாயா என்று அவளை இரண்டு தடவை கேட்டேன். முன்னால் இழுத்துப்போன விமானத்தின் கயிற்றை விடும்வரை அப்படி ஒரு குலுக்கல்! முருகா முருகா என்று கத்தியே விட்டேன். காலையில் தின்ற இட்லி தொண்டைக்கு வந்துவிட்டது.

அப்புறம் சட்டென்று எல்லாம் அடங்கிவிட்டது. மூக்கில் ஆக்சிஜன் குழாய். பதினேழாயிரம் அடி. இடது இறக்கைக்குக் கீழே ஒரு குளம். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தேன், அதே குளம். பிளாஸ்க் மூடியில் டீ ஊற்றி மடியில் வைத்துக்கொண்டேன். உங்கள் பிளாஸ்க்தான். பார்த்துக்கொண்டே இருந்தேன். அது அலுங்கவே இல்லை.

அழுதேன். ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தது. பயமா இருக்கா என்று ஜூலி கேட்டாள். "இல்லை, என் வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

இறங்கியதும் ரெகார்டரில் இருந்ததை அவள் எனக்கு அனுப்பிவைத்தாள். பத்திரமாக இருக்கிறது. ஆனால் அது நான் ஏறியதற்குத்தானே ஆதாரம்?

தீபாவளிக்கு எல்லோரும் நம் வீட்டில் கூடுகிறோம். சாப்பாடு முடிந்ததும் உங்கள் இருபதாயிரம் அடிக் கதையை நான்தான் சொல்லப் போகிறேன், ஒரு அடி குறைக்காமல். யாராவது ஆதாரம் கேட்கட்டும், "நான் இருக்கிறேன்" என்று சொல்கிறேன்.

லேட்டாக நம்பிய
உங்கள் வீட்டுக்காரி,
கோமு