எண்ணெய் திருடிய கரடி

என் அருமைத் தங்கச்சிக்கு,

உன் புத்தகம் செர்னவுட்சி நகரக் கடைகளுக்கும் வந்துவிட்டது. அட்டையில் என் கரடி, அதற்குக் கீழே உன் பெயர். படம் நன்றாகத்தான் இருக்கிறது.

ஹனுக்கா பண்டிகையின் எட்டு இரவும் விளக்கு எரிந்து முடியும்வரை பெண்கள் வேலையைத் தொடக்கூடாது என்பதால்தான் அந்த நேரத்தில் பிள்ளைகளுக்கு என் கரடிக் கதையைச் சொல்கிறேன். போன வருடம் நீயும் பக்கத்தில் உட்கார்ந்து, உருளைக்கிழங்கு அடையைத் தின்றுகொண்டே ஏழு இரவும் கேட்டாய். எட்டாம் இரவுக்கு முன்பே ரயிலேறிவிட்டாய். அதனால்தான் உன் புத்தகத்தில், விளக்குக்கு வைத்த எண்ணெயைத் திருடிய கரடி சுகமாகத் தூங்கிப்போகிறது.

பக்கத்து வீட்டு ஃப்ரூமா படித்துவிட்டு, "என்ன அத்தை, திருடுன கரடிய யாருமே ஒண்ணும் கேக்கலையா?" என்றாள்.

"அவளுக்கு முடிவு தெரியாதுடி, பாவம்" என்றேன்.

இந்த எட்டாம் இரவு நம் ஜெபக்கூடத்தில் நீ அதை வாசிக்கப்போகிறாயாம். கட்டாயம் வா, அடை சுட்டு வைக்கிறேன். பிள்ளைகளுக்கு என் முடிவைச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். அதில் கரடி திரும்பி வரும். ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் எழுந்து நின்று அதை ஒரே குரலில் கேட்பார்கள். நீ புத்தகத்தை மூடியதும் நம் பிள்ளைகள் உன்னையும் அப்படியே கேட்பார்கள்: "எடுத்தது யாரோடது?"

கரடி சொன்ன பதிலை மட்டும் நான் அவர்களுக்குச் சொல்லவில்லை. உன் வாயிலிருந்தே கேட்கட்டும்.

முன்வரிசையில் உட்கார்ந்திருக்கப்போகும்
உன் அக்கா