என் இடது கை செய்த காரியம்

ஏனுங்க,

உங்களைக் கூப்பிட எனக்கு இந்த ஒரு வார்த்தைதான் பழக்கம். இருபத்து மூன்று வருஷம் இதற்குத்தான் திரும்பிப் பார்த்தீர்கள். இப்போதும் திரும்பிப் பாருங்கள், பெரிய சங்கதி ஒன்று இருக்கிறது. உங்கள் பொண்டாட்டி போன செவ்வாய்க்கிழமை ஒருத்தனை ஓடவிட்டாள்!

பதறாதீர்கள், முதலிலிருந்து சொல்கிறேன். நீங்கள் கண்ணை மூடிய பிறகும் குன்னூர் மெடிக்கல் ஷாப்பில் பில் போடுகிற வேலையை நான் விடவில்லை. சாயங்காலம் ஆறரை மணி பஸ்ஸில் ஜெகதளாவில் இறங்கினால் நம் வீடு வரைக்கும் தேயிலைக்கு நடுவே அதே ஒற்றையடிப் பாதை. டார்ச்சோடு நீங்கள் நிற்கிற இடத்தில் யாரும் இல்லை. வீட்டுக் கதவைத் தொடுகிற வரைக்கும் எனக்கு மூச்சே வராது.

கோயமுத்தூரிலிருந்து நம் பிரபு தினமும் போன். "அம்மா, வேலைய உட்டுட்டு அப்பத்தாவையும் கூட்டிட்டு இங்க வந்துருங்க. அந்தப் பாதைல தனியா நடக்கறது சரிப்படாது." நல்ல மனசுதான் அவனுக்கு. ஆனால் நீங்களும் நானும் சேர்ந்து கட்டிய வீட்டையும் என் வேலையையும் ஒரு பாதைக்குப் பயந்து விட்டுவிடுவதா? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அப்போதுதான் போனில் அந்த ஆன்லைன் வகுப்பைப் பார்த்தேன். பெண்களுக்கான தற்காப்புப் பயிற்சி. சொல்லித்தருவது மதுரைப் பெண் ஒருத்தி. பறந்து பறந்து உதைப்பதெல்லாம் கிடையாது. பிடித்தால் விடுவித்துக்கொள், கத்து, ஓடு, அவ்வளவுதான். சிக்னல் கிடைக்கிற சமையலறை ஜன்னலில், வர்க்கி பிஸ்கட் டப்பா மேல் போனைச் சாய்த்துவைத்துவிட்டு ஸ்வெட்டரும் மப்ளருமாக நின்றேன். "பார்ட்னர் உங்க கையைப் பிடிக்கட்டும்" என்றாள். பார்ட்னருக்கு நான் எங்கே போவேன்? உங்கள் அம்மாதான்!

அத்தைக்கு என்ன பிடி தெரியுமா? கல்யாணமான நாளிலிருந்து என்மேல் இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்துப் பிடித்தார். "புடிச்சா உடமாட்டேன். முடிஞ்சா உருவிக்க சாமி" என்று சிரிப்பு வேறு. பிடிக்கிறவனின் கட்டை விரல் பக்கம்தான் பிடி தளர்வு. அந்தப் பக்கமாக மணிக்கட்டைத் திருப்பி வெடுக்கென்று இழுக்க வேண்டும். ஒரு மாதம் போராடி அத்தையிடமிருந்தே உருவிக்கொள்ளப் பழகினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் வீடியோ காலில் என்னைச் செய்யச்சொல்லிப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தாள். "அக்கா, எல்லாத்தையும் இடது கையிலயே கத்துக்கிட்டு வந்திருக்கீங்களே!" திரையில் எதிரே நின்று அவள் வலது கையை நீட்ட, கண்ணாடி பார்ப்பதுபோல் நான் இடது கையை நீட்டியிருக்கிறேன். அத்தை பின்னாலிருந்து முணுமுணுத்தார்: "எம் மவனோட பீச்சாங்கைப் பழக்கத்த மாத்தறதுக்குள்ள நானு ஓஞ்சு போனேன். இப்ப இவளுமா?" சிரித்துச் சிரித்து இரண்டு பேரும் அழுதுவிட்டோம். நீங்கள் இடது கையில் டார்ச் பிடித்து முன்னால் நடப்பது ஞாபகம் வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை நல்ல மழை. வலது கையில் குடை, இடது கையில் உங்கள் டார்ச். பாதி வழியில் ஒரு மரத்தடியில் நின்றிருந்தவன், "மணி என்னங்க?" என்று கேட்டபடி பக்கத்தில் வந்தான். வந்தவன் என் இடது மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். பயந்தேன்தான். ஆனால் கை யோசிக்கவே இல்லை. கட்டை விரல் பக்கம் திரும்பியது, உருவிக்கொண்டது. டார்ச்கூடக் கீழே விழவில்லை. "தள்ளிப் போடா!" என்று கத்தினேன். ஏனுங்க, என் குரலா அது? அடுத்த ரூமுக்குக்கூடக் கேட்காது என்று கேலி செய்வீர்களே, அந்தக் குரலுக்கு மேட்டிலிருக்கிற தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளில் நாலு கதவு திறந்தது. அவன் செடிகளுக்குள் விழுந்தடித்து ஓடினான். நானும் வெளிச்சத்தைப் பார்த்து ஓடினேன். ஓடுவது தோல்வியில்லை என்பதுதான் வகுப்பில் முதல் பாடமே. மறுநாள் காலையில் போலீஸ் ஸ்டேஷனுக்கு நானே போய் எழுதிக்கொடுத்தேன்.

விஷயம் தெரிந்து பிரபு பதறிவிட்டான். "இப்பவே கெளம்புங்கம்மா" என்றான். நான் வாய் திறப்பதற்குள் அத்தை போனைப் பிடுங்கினார். "எம் மருமவ எங்கீம் வரமாட்டா கண்ணு. பயமா இருந்தா நீ லீவு போட்டுட்டு வந்து அவகிட்டக் கத்துக்கிட்டுப் போ!" அத்தை வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு! அதைக் கேட்டுப் பிரபு சிரித்துவிட்டான். "சரிங்க அப்பத்தா" என்றான்.

எனக்கு என்னை நினைத்தே பெருமையாக இருக்கிறதுங்க. உங்களுக்கும் இருக்குமா, இல்லை "உனக்கு எதுக்கு இந்த வேல?" என்று திட்டுவீர்களா?

இந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து லைன் வீட்டுப் பெண்கள் மூன்று பேர் கற்றுக்கொள்ள நம் சமையலறைக்கு வருகிறார்கள். எல்லார் கையையும் பிடிப்பது அத்தைதான். என் வலது கையையும் சீக்கிரம் பழக்கிவிடுவேன், இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

இன்னொன்று. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது இன்னமும் நீங்கள் அங்கேயே நிற்பதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. இனிமேல் எனக்குக் காவலாக வராதீர்கள். பேசிக்கொண்டே நடக்க ஆசை இருந்தால் வாங்க. டார்ச்சை நான் பிடித்துக்கொள்கிறேன்.

உங்க ஊட்டுக்காரி,
சாந்தாமணி