ஞாயிற்றுக்கிழமை வகுப்பு

சேந்தமங்கலம்
4.6.2025

மோகன் அண்ணாவுக்கு,

இல்லை, கோபம் இல்லை. தெரியாமல்தான் கேட்கிறேன். இளைஞர் மன்றத்தின் போட்டித் தேர்வு வகுப்பில் சேர விண்ணப்பித்தேன். செயலாளர் என்று கையெழுத்திட்டு நீங்கள் அனுப்பியிருப்பது வேறு தாள். ‘சிறப்புக் குழந்தைகளுக்கான ஞாயிறு வகுப்பு. மெழுகுவர்த்தி செய்தல்.’ எனக்கு இருபத்து நான்கு வயது. பொருளாதாரத்தில் முதுகலை. நடக்காதவை கால்கள் மட்டும்.

வாசலில் மூன்று படி என்றீர்களாம். என் சக்கர நாற்காலி ஏற, எங்கள் கோழிப்பண்ணையில் தீவன மூட்டை ஏற்றும் பலகை போதும். டிரைவர் காளிதாஸ் அளந்துவிட்டார்.

தனப்பிரியா

9.6.2025

அன்புள்ள தனம்,

வீட்டுக்குள் பேச வேண்டியதை எழுதி மன்றத்து மேசையில் போட்டிருக்கிறாய். பொருளாளர் படித்துவிட்டுச் சிரிக்கிறான். ஒவ்வொரு டிசம்பரிலும் உன்னை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துகிறோமே, போதாதா? உன்னைப் பார்த்தால் நாற்பது பேருக்குக் கவனம் சிதறும். அம்மா கேட்கிறாள்: “பரிச்சை எழுதி அந்தப் புள்ள எங்க போவோணும்? ஊட்டுல சோறில்லியா?”

உன் அண்ணன்
மோகன்குமார்

12.6.2025

அண்ணா,

சோறு இருக்கிறது என்று பெரியம்மாவிடம் சொல்லுங்கள்.

மேடையில் என்னை ‘மாற்றுத்திறனாளிச் சகோதரி ஒருவர்’ என்பீர்கள். சித்தப்பா மகள் என்று ஒருமுறையும் சொன்னதில்லை. உண்மைக் காரணத்தை எழுதுங்கள்.

தனப்பிரியா

15.6.2025

தனம்,

படித்ததும் கிழித்துவிடு. பிரவீனாவுக்கு நாமகிரிப்பேட்டையில் இடம் அமைந்திருக்கிறது. மாப்பிள்ளையின் தம்பி ஜெகதீஸ்வரன் இந்த வகுப்பில்தான் படிக்கிறான். உன்னைப் பற்றி அவர்களிடம் சொல்லவில்லை. சொன்னால் பரம்பரை நோய் என்பார்கள். ஆவணியில் கல்யாணம். அதுவரை வீட்டில் இரு. என் தங்கைக்காக இதுகூடச் செய்ய மாட்டாயா?

மோகன்

19.6.2025

செயலாளர் அவர்களுக்கு,

கல்யாணம் ஆவணியில். தேர்வு ஆடியில். யோசித்துத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

கிழிக்கவில்லை. பிரவீனாவிடம் காட்டினேன். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. “எங்கல்யாணம் நின்னுபோச்சுன்னா உன்னய மன்னிக்க மாட்டேன்க்கா” என்றாள். அவளாவது முகத்தைப் பார்த்துச் சொன்னாள். அவள் பக்கமும் நியாயம் இருக்கலாம். அந்த நியாயத்துக்கு நான் மறைந்திருக்க வேண்டும் என்பதுதான் புரியவில்லை.

நேற்று மாலை ஆறு மணிக்குக் காளிதாஸ் பலகையை வைத்தார். வகுப்புக்குள் வந்தேன். புதிதாக வந்திருப்பது யார் என்று ஆசிரியர் கேட்டார். பெயரைச் சொன்னேன். மன்றச் செயலாளரின் சித்தப்பா மகள் என்றேன். முன்வரிசையில் ஒருவன் திரும்பிப் பார்த்தான்.

நோட்டைத் திறந்து, கரும்பலகையில் இருந்ததை எழுதிக்கொண்டேன்.

தனப்பிரியா