மீதி அறுபத்திரண்டு கிலோ

சிட்லபாக்கம்,
18-6-2006

சகலை தேவானந்தம் அவர்களுக்கு ராஜகோபால் எழுதுவது.

உங்கள் சுகத்தை விசாரித்துத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். உங்கள் சுகம் எனக்குத் தெரியும். போன மாதம்தான் சட்டையைத் தூக்கி ஊருக்கே காட்டிவிட்டுக் கப்பல் ஏறினீர்கள். எங்கள் சுகம்தான் அன்றையிலிருந்து கெட்டுக் கிடக்கிறது.

போனில் சொல்லலாமே என்பீர்கள். போன் கூடத்தில் இருக்கிறது, கூடத்தில் மோகன்ராஜ் இருக்கிறான். போதாததற்கு நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் லைன் சரியில்லை என்று வைத்துவிடுவது உங்கள் பழக்கம். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. முழுக்கப் படியுங்கள், ஹேமாவதிக்கும் படித்துக் காட்டுங்கள். பதிலை வீட்டு விலாசத்துக்கு எழுத வேண்டாம். மேற்குத் தாம்பரம் கடை விலாசத்துக்கு எழுதுங்கள். கடைசியில் கொடுத்திருக்கிறேன்.

ஆணழகன் போட்டியில் அறுபத்தைந்து கிலோ பிரிவில் மோகன்ராஜ் இரண்டாவதாக வந்தான். அதைப் பார்க்க நீங்கள் லீவில் வந்த நேரத்தில் வாய்த்ததே என்று நான் சந்தோஷப்பட்டது உண்மை. மண்டபத்துக்குப் பின்னால் மாஸ்டர் சவுரிமுத்து அவன் முதுகில் எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஜிம் பையன்கள் பத்துப் பேர் சுற்றி நின்றார்கள். தீனியில்லாமல் இந்த உடம்பு வருமா என்று நான் சொன்னேன். சொன்னதில் என்ன தப்பு? நீங்கள் உடனே என் தொந்தியைத் தட்டி, "அண்ணன் வயித்தப் பாருங்க, தீவன மூட்டையாட்டம் கீது. தீனியால ஒடம்பு வர்றதுன்னா மொதல்ல இவருக்கு இல்ல வந்திருக்கணும்" என்றீர்கள். பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். ஐம்பத்து நாலு வயதில் சட்டையைத் தூக்கி, ஜிம் வாசலையே மிதிக்காத வயிறு என்று காட்டியே தீர வேண்டுமா?

சவுரிமுத்து கள்ளங்கபடம் இல்லாதவர். உடம்பைத் தவிர வேறெதையும் பார்க்கத் தெரியாதவர். அவர் உங்கள் வயிற்றையும் இவன் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "இன்னா சார், உங்க கட்டு அப்படியே நம்ம மோகன் கட்டு மாதிரியே கீதே. வயித்துப் பட்டை எடது பக்கம் மேல, வலது பக்கம் கீழ. இந்தக் கோணல் பொறப்புலயே வர்றது. எத்தினி வருஷம் எக்சர்சைஸ் போட்டாலும் யாராலும் இத்த நேர் பண்ண முடியாது, கோணலாக்கவும் முடியாது."

அப்போதாவது சட்டையை இறக்கினீர்களா? வெதை அப்படி மாஸ்டர் என்று பெருமையடித்துக்கொண்டீர்கள். மோகன்ராஜ் சிரிக்கவில்லை. குனிந்து தன் வயிற்றைப் பார்த்தான். பிறகு உங்கள் வயிற்றைப் பார்த்தான். நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். நான் கவனித்தேன்.

இப்போது விதைக்கு வருகிறேன். தாயாரம்மாளுக்கும் எனக்கும் ஒன்பது வருடம் பிள்ளையில்லை. உங்களுக்கு இரண்டு இருந்தது, மூன்றாவது பிறந்த கையோடு போர்ட் பிளேயருக்கு மாற்றல் வந்தது. பெரியவர்கள் கூடி, ஒரு படி தவிட்டை உங்கள் முறத்தில் கொட்டச் சொல்லி, நாற்பது நாள் பிள்ளையை அவள் மடியில் போட்டார்கள். தவிட்டுக்கு வாங்கிய பிள்ளைக்கு அதன்பிறகு பெற்றவர்கள் உரிமை பேசக் கூடாது என்பது முறை. நீங்களும் ஒப்புக்கொண்டீர்கள். மறுநாள் அவனைக் கடைத் தராசில் துண்டு விரித்து நிறுத்தேன். இரண்டு கிலோ முழுசாக இல்லை. பிழைத்தால் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

போட்டியன்று மேடை ஏறுமுன் நிறுத்தபோது அறுபத்து நாலு கிலோ. நீங்கள் கொடுத்தது இரண்டு. மீதி அறுபத்திரண்டு கிலோ யாருடையது?

சொல்கிறேன். தினம் காலையில் பருத்திக்கொட்டை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த பால். முளைகட்டிய கொண்டைக்கடலை. பதினான்கு வயதிலிருந்து ஆறு முட்டை. வாரம் மூன்று நாள் நெத்திலி. தாயாரம்மாள் தொடக்கூட மாட்டாள், அவனுக்காக மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டு ஆய்வாள். ஐந்து மணிக்கு அவன் ஏரிக்கரையில் ஓடுவான். நான் சைக்கிளில் பின்னால் போவேன். எட்டாம் வகுப்போடு நின்றவன்தான் நான். ஆனாலும் நூலகத்தில் ஊட்டச்சத்து, தசை என்று தலைப்பில் பார்த்த எதையும் விடவில்லை, புரியாததை இரண்டு தடவை படித்தேன். உங்கள் விதை தானாக முளைத்துக்கொண்டதாக்கும்.

அப்படியென்றால் உங்கள் கூடவே வளர்ந்த இரண்டு பேருக்கும் என்ன ஆயிற்று? அதே விதைதானே? பெரியவனுக்கு இருபத்தெட்டு வயதில் தொந்தி, என்னைத் தோற்கடித்துவிடுவான். சின்னவன் மாடி ஏறினால் இளைக்கிறான். கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் ஆரம்பித்தது.

முப்பத்தொரு வருடமாக மாட்டுத் தீவனம் விற்கிறேன். ஒரே பசுவின் அடுத்தடுத்த கன்றுகளை இரண்டு வீட்டில் பார்த்திருக்கிறேன். ஒன்று புண்ணாக்கும் உளுத்தம் பொட்டும் தின்று மினுமினுப்பாக நிற்கும், இன்னொன்று சுவரொட்டியை மேய்ந்து எலும்பு எண்ண நிற்கும். பெருங்களத்தூரில் எட்டு மாடு வைத்திருக்கும் ரத்தினபாயிடம் பொதுவாக இதைச் சொன்னேன். "நீ இன்னா தீனி போட்டாலும் நாட்டு மாடு பன்னெண்டு லிட்டர் கறந்துடுமா சார்?" என்று கேட்டாள். அவளுக்கு அன்றைக்குத் தவிடு நிறுக்கவே கை வரவில்லை. ஆனாலும் நிறுத்துக் கொடுத்தேன்.

சண்டை போடுவதற்காக மட்டும் எழுதவில்லை. விஷயம் இதுதான். அவன் தினமும் கண்ணாடி முன்னால் பனியனைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். போன வாரம் என்னிடம், சித்தப்பாவுக்கும் நமக்கும் ரத்த சம்பந்தம் உண்டா என்று கேட்டான். சித்தியைக் கட்டிய வகையில்தான் அவர் உறவு என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். பதற்றத்தில், அவர் உன் அம்மாவுக்கு அத்தை மகன் முறையும்கூட என்று சொல்லிவிட்டேன். அவன் உள்ளே போய்த் தாயாரம்மாளைக் கேட்க, கல்யாணத்துக்கு முன்னால் அவரை யாரென்றே தெரியாது என்று அவள் சொல்லிவிட்டாள். அவன் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஆகஸ்டில் மாநிலப் போட்டி இருக்கிறது. நீங்கள் வரக் கூடாது. இது என் உத்தரவு என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவனிடம் எதுவும் சொல்ல மாட்டேன் என்று கடைக்கு ஒரு வரி எழுதுங்கள். அது போதும். விலாசம்: ராஜகோபால், மாட்டுத் தீவனக் கடை, மேற்குத் தாம்பரம், சென்னை-45.

இப்படிக்கு,
ராஜகோபால்


சிட்லபாக்கம்,
5-7-2006

தேவானந்தம் அவர்களுக்கு,

உங்கள் இன்லண்டு லெட்டர் வந்தது. கடை விலாசத்துக்கு எழுதுங்கள் என்று ஆரம்பத்தில் ஒரு தடவையும் கடைசியில் விலாசத்தோடு ஒரு தடவையும் எழுதியிருந்தேன். நீங்கள் இருபது வருடப் பழக்கத்தில் வீட்டுக்கே போட்டுவிட்டீர்கள். எனக்குக் கண்புரை வந்ததிலிருந்து பெரிய எழுத்தாக எழுதவும் கடையில் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கவும்தான் முடிகிறது. வீட்டுக்கு வரும் கடிதங்களை எல்லாம் பிரித்துப் படித்துச் சொல்வது மோகன்ராஜ்தான். இதையும் அவன்தான் பிரித்தான்.

நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறீர்கள். 'மோகன் நான் பெற்ற பிள்ளை என்பதை என் உயிர் உள்ளவரை யாரிடமும் சொல்ல மாட்டேன்.' மூன்றாவது வரி. மேலும் என்ன எழுதியிருந்தீர்கள் என்று அவன் படித்துச் சொல்லவில்லை. பிறகு தாயாரம்மாள் படித்துச் சொன்னாள்.

அன்றைக்கு மதியம் கடைக்கு வந்தான். ஆள் யாரும் இல்லை. தவிட்டு மூட்டை பக்கத்தில் நின்றான். சின்ன வயதில் அவன் அடம்பிடிக்கும்போதெல்லாம், உன்னைத் தவிட்டுக்குத்தான்டா வாங்கினோம் என்று கடைக்கு வருகிறவர்கள் கேலி செய்வார்கள். எல்லாப் பிள்ளைகளையும் சொல்வதுதானே என்று நானும் தடுக்காமல் இருந்தேன். இப்போது அவன் மூட்டைக்குள் கையை விட்டுக்கொண்டு, "எத்தன படி?" என்று மட்டும் கேட்டான்.

"ஒரு படி" என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை.

கையை உதறிக்கொண்டு போனான். சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், அதற்குத் தயாராகத்தான் இருந்தேன். தாயாரம்மாள் அழுதபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். சாப்பிடவும் செய்கிறான், ஆனால் போட்டதில் பாதி. ஏரிப் பக்கம் ஓடப் போகவில்லை. சவுரிமுத்து இரண்டு தடவை ஆள் விட்டார், ஜிம்முக்கும் போகவில்லை. பார்வைக்கே இரண்டு கிலோ இறங்கியிருப்பது தெரிகிறது. இத்தனை வருடம் ஏற்றியது, ஒரு வாரத்தில். நினைத்தால் உங்கள் மேல் வருகிற ஆத்திரத்தை எழுத வார்த்தை இல்லை.

நேற்று கப்பல் டிக்கெட்டைக் கொண்டுவந்து அவன் அம்மாவிடம் காட்டினான். பத்தாம் தேதி புறப்படுகிறான். மூன்று நாளில் அங்கே இருப்பான். உங்களையும் ஹேமாவதியையும் ஒரு தடவை பார்க்க வேண்டுமாம். திரும்புவது எப்போது என்று தாயாரம்மாள் கேட்டதற்கு, பார்க்கலாம் என்றான். போகாதே என்று சொல்ல எனக்கு என்ன இருக்கிறது, அதையும் நீங்களே சொல்லுங்கள்.

அவனுக்கு முன்னால் இது வந்து சேர வேண்டும் என்று விரைவுத் தபாலில் போடுகிறேன். கவனமாகப் படியுங்கள். அவன் பசி என்று வாயைத் திறந்து கேட்க மாட்டான். தட்டைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார வேண்டும், எழுந்து போய்விடக் கூடாது. முட்டை ஆறு, மஞ்சள் கரு இரண்டோடு போதும். மீனைப் பொரிக்காமல் குழம்பில் போடச் சொல்லுங்கள். வலது தோளில் பழைய பிடிப்பு உண்டு, கனமாக எதையும் தூக்கச் சொல்ல வேண்டாம். அண்ணன்மார் இருவரும் அவனைக் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஹேமாவதி அழுவாள். அழட்டும். ஆனால் அவன் எதிரில் அதிக நேரம் வேண்டாம், அவனுக்குத் தாங்காது.

விதை பெரிதா தீனி பெரிதா என்று போன கடிதத்தில் நான் எழுதியதில் ஒரு வார்த்தையைக்கூடத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. கோணல் விஷயம் ஒன்றை மட்டும் சவுரிமுத்து சொன்னபடி வைத்துக்கொள்ளுங்கள். அது உங்களுடையதாகவே இருக்கட்டும்.

அவன் கேட்டால் எல்லாவற்றையும் உள்ளபடி சொல்லுங்கள். எங்களுக்காக எதையும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். உங்கள் வீட்டில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், அதில் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது.

ஒரே ஒரு உதவி. அன்றைக்குக் கடையிலிருந்து போனவன் அதன்பிறகு என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. முகத்தைப் பார்த்துத்தான் பேசுகிறான், சாவி எங்கே, சாப்பிட்டாச்சா என்று கேட்கிறான், ஆனால் கூப்பிடாமல் பேசுகிறான். நானும் வாயைத் திறந்து கேட்கப் போவதில்லை. அங்கே சாப்பிடும்போதோ வெளியே போகும்போதோ என்னைப் பற்றி அவன் ஏதாவது பேசினால், என்னை யார் என்று சொல்லிப் பேசுகிறான் என்று கவனித்து எனக்கு எழுதுங்கள். வீட்டு விலாசத்துக்கே எழுதலாம்.

ராஜகோபால்