டிரைவர் இல்லாத வண்டியின் தடம்

ஐப்பசி, செவ்வாய். மழை விடவில்லை.

டெய்லர் சாந்தியக்கா இன்று கம்பெனிக்குள்ளேயே விழுந்துவிட்டார். நிட்டிங் ஷெட்டிலிருந்து கட்டிங் ஷெட்டுக்குப் போகும் தார் ரோட்டில். டிரைவர் இல்லாமல் துணி ரோல் இழுக்கும் வண்டி, வந்ததிலிருந்து இம்மியும் விலகாமல் ஒரே தடத்தில் ஓடுகிறது. டயர் படுகிற இடம் இரண்டு வாய்க்காலாகக் குழிந்துவிட்டது. தேங்கிய தண்ணீரில் குழி தெரியாமல் கால் வைத்துவிட்டார். மணிக்கட்டு முறிந்துவிட்டது. டெய்லருக்குக் கை போனால் என்ன மிச்சம்?

பின்னால் வந்த அந்த வண்டி தானாகவே உடனே நின்றுவிட்டதாம். அதை வேறு பெருமையாகச் சொல்கிறார்கள்.

முன்பு டெம்போ ஓட்டிய முருகேசன் ஒரு நாளும் நேராக ஓட்டியதில்லை. அந்தக் கோணலில் ரோடு முழுக்கச் சீராகத் தேய்ந்தது. குழியே விழவில்லை.

பராமரிப்பு என் பொறுப்பு. மேனேஜரிடம் போனேன். "வண்டியைத் தினமும் அரையடி தள்ளி ஓட உடலாமுங்க. ரோடு தாங்குமுங்க" என்றேன்.

"செட்டிங்கை எல்லாம் இப்பத் தொட வேண்டாமுங்க. வண்டி அதோட கோட்டுலதானுங்க போகுது. மனுசங்கதான் பாத்து நடக்கோணும். குழியோரமா மஞ்சப் பெயிண்ட் அடிச்சு உட்ருங்க, போதும்" என்றார்.

அவர் பேச்சில் மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. எனக்கு அந்த மேசையைப் புரட்டிப் போட வேண்டும் போல இருந்தது. வாய் மட்டும் பழகிய தடத்திலேயே போனது.

"சரிங்க" என்றேன்.