அறுபத்திரண்டு வீடுகள்

ஆம்பூர்
4.2.1982

அன்பு மனோ,

லேடீஸ் ஹாஸ்டலில் நீ சாப்பாட்டு மணியைக்கூடக் கேட்காமல் படித்துக்கொண்டிருக்கும்போது உனக்கும் சேர்த்துத் தட்டு எடுத்து வைத்த வள்ளிதான் எழுதுகிறேன். பொங்கலுக்கு ஒரு வாழ்த்துக்கூட வரவில்லையே!

எனக்கு எட்டு மாதம் முடிந்துவிட்டது. நர்ஸம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்து, குழந்தையின் தலை மேலே இருக்கிறது, கால் கீழே இருக்கிறது என்றார். வேலூர் ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே போய்ச் சேர வேண்டுமாம். ஆபரேஷன் ஆகலாமாம். இவர் தோல் டேனரியில் லீவு சொல்லிவிட்டார். "பஸ் ஏறு வள்ளி. செலவப் பத்தி நீ இன்னாத்துக்குப் பேஜாராவுற?" என்கிறார். மாமியாரோ, "மருத்துவச்சி பூவம்மா கை வெச்சா புள்ள திரும்பிடும். கத்தி எதுக்கு?" என்கிறார். எனக்கும் கத்தியென்றால் பயம்.

உத்தியோகமாக ஊர் ஊராகப் போய் நீ கணக்கெடுப்பது இந்தப் பிரசவங்களைத்தானே? நீ சொல்வதைச் செய்கிறேன்.

உன் வள்ளி

வேலூர்
9.2.1982

என் வள்ளிக்கு,

வாழ்த்து அனுப்பாதது தப்புதான். பொங்கலன்று ஆலங்காயம் பக்கம் வீடு வீடாக அலைந்துகொண்டிருந்தேன்.

நீ கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. மருத்துவச்சியிடம் எண்ணெய் தேய்த்துக் குழந்தையைத் திருப்பிக்கொண்ட அறுபத்திரண்டு பேரைப் பார்த்தோம். ஐம்பத்தேழு பேருக்கு வீட்டிலேயே சுகப்பிரசவம். மீதி ஐந்து பேர் ஆஸ்பத்திரியில் பெற்றார்கள். ஒரு குழந்தையும் தவறவில்லை. மருத்துவச்சிக்குப் புடவை, வெற்றிலைபாக்கு எல்லாம் சேர்த்து முப்பது ரூபாய். ஆபரேஷன் என்றால், கணவனின் விட்டுப்போன கூலியோடு எழுநூறு. எங்கள் அதிகாரிக்கே ஆச்சரியம்.

நானாக இருந்தால் பூவம்மாளைத்தான் கூப்பிடுவேன்.

உன் மனோ

ஆம்பூர்
20.2.1982

அன்பு மனோ,

நேற்று பூவம்மாள் வந்தாள். இடுப்புக்குத் தலையணை கொடுத்து, விளக்கெண்ணெய் தடவி, இரண்டு கையாலும் தள்ளினாள். வலி தாங்காமல் கத்தினேன். "உள்ள இருக்கிறது சும்மா இருக்குது, நீ இன்னாம்மா இந்தக் கூச்சல் போடுற?" என்று சிரித்தாள். கடைசியில் தலை கீழே வந்துவிட்டது.

உன் கடிதத்தை இவரிடம் படித்துக் காட்டினேன். "உன் தோஸ்த்து பேச்சுக்குத்தான் மதிப்பு ஜாஸ்தி. என் பேச்சு எப்பவும் கம்மிதான்" என்று லீவை ரத்து செய்துவிட்டார்.

நேற்றிலிருந்து உதைப்பது குறைந்திருக்கிறது. களைத்துத் தூங்குகிறது போல.

உன் வள்ளி

வேலூர்
15.3.1982

வள்ளி,

குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது என்று உன் வீட்டுக்காரர் எழுதிய கார்டு வந்து பதினைந்து நாளாகிறது. நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

எங்கள் பட்டியலை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பெயர்கள் சுலபமாகக் கிடைக்கும் என்று, அந்த அறுபத்திரண்டு வீடுகளையும் தடுப்பூசிப் பதிவேட்டிலிருந்து எடுத்திருந்தோம். ஊசி போடக் குழந்தை இருந்த வீடுகள் மட்டும்தான் அதில் இருக்கும். குழந்தை தங்காத வீடு ஒன்றுகூட அதில் வராது. ஒரு குழந்தையும் தவறவில்லை என்று உனக்கு எழுதியபோது இது எனக்குத் தோன்றவே இல்லை. பட்டியலைத் தயாரித்தவள் நான்தான்.

பூவம்மாளின் கைதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறார் இங்குள்ள டாக்டர். அதைப் பிடித்துக்கொண்டு தப்பிக்க எனக்கு ஆசையாக இருக்கிறது. அதையும் உன்னிடம் மறைக்கவில்லை. நீ பயந்துபோய்க் கேட்டாய். நான் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினேன்.

விடுபட்ட வீடுகளைத் தேடி அடுத்த மாதம் மறுபடி போகிறோம். அதற்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்க வரட்டுமா?

மனோ

ஆம்பூர்
2.4.1982

மனோரமாவுக்கு,

பால் கட்டிக்கொண்டு ஜுரம். அதனால் உடனே எழுத முடியவில்லை. இப்போது எழுந்து நடமாடுகிறேன்.

இவருக்கு உன்மேல் கோபம் இல்லை. "அந்தப் பொண்ணு இன்னா, வேணும்னா சொல்லிச்சு?" என்கிறார். எனக்கும் அது தெரிகிறது.

விடுபட்ட வீடுகளுக்குப் போவதாக எழுதியிருந்தாய். போக வேண்டியதுதான். எங்கள் வீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தத் தேதி, எவ்வளவு செலவு, எப்போது அசைவு நின்றது, எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன்.

கேட்பதற்கு மட்டும் வேறு யாரையாவது அனுப்பு.

ஆ. அமிர்தவள்ளி