சக்கரத்தின் பல்லும் உன் பென்சிலும்

போன வாரம் வாணியம்பாடியில் ஒரு கல்யாணத்தில் என் மானம் போனது. போட்டோக்காரர் சற்று நகர்ந்த நேரம், யாரும் கேட்காமலே கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துவிட்டேன். பெண்வீட்டார் சிரித்துத் தீர்த்தார்கள். என்ன செய்ய, உன் ஸ்டூடியோத் துணியின் அதே வாசனை, மருந்தும் வியர்வையுமாக. உள்ளே போனதும் நீ என்னைப் படுத்திய பாடெல்லாம் நினைவுக்கு வந்தது.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் நான் ஓட்டிய தோல் சீவும் மெஷினில், ரூபாய்க் காசளவுச் சக்கரம் ஒன்று பல்லுடைந்து போனது. உடைந்த பல்லும், பக்கத்தில் பொறித்த பொடி எழுத்தும் தெரிகிற மாதிரி படம் அனுப்பினால்தான் சீமையிலிருந்து வேறு சக்கரம் வரும் என்று மதராஸ் ஏஜென்ட் சொல்லிவிட்டார்.

"வரலைன்னா மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டு, உன்னைச் சுண்ணாம்புக் குழிக்கே அனுப்பிடுவேன்" என்றார் முதலாளி சாயபு. முடி உதிரத் தோலை ஊறப்போடும் அந்தக் குழியில் நின்று கால் வெந்தவன் நான். ஓடி வந்தேன் உன்னிடம்.

நீயோ கேமரா தேட ஆரம்பித்தாய். உன் ஸ்டூடியோக் கேமராவைக் கிட்டே கொண்டுபோனால் படம் கலங்கியது. தள்ளி வைத்தால் சக்கரம் கடுகானது. வக்கீல் வீட்டுக் கைக்கேமராவை இரவல் வாங்கினாய்; ஆறடிக்குள் எதுவும் அதற்குக் கண் தெரியவில்லை. ராணிப்பேட்டையிலிருந்து சொம்பு மாதிரி ஒரு லென்ஸ் வந்தது. அதுவும் உதவவில்லை.

"லென்ஸு மேல தப்பில்லபா. அதுக்குப் பின்னால மடிப்பு மடிப்பா இருக்கே, இந்தத் துருத்தி நீளம் கம்மி. லென்ஸு இன்னும் முன்னால போவணும்."

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? சாயபு பேஜார் பண்றாரு."

"எல்லாத்தையும் பாத்தாத்தானே தோஸ்த் தெரியும்."

எங்கள் ஷாப்பின் மெல்லிய ஆட்டுத்தோலை மடித்துத் தைத்து, கேமராத் துருத்தியை இரண்டு மடங்கு நீட்டினோம். பின்கண்ணாடியில் சக்கரம் தோசைக்கல் அளவு நின்றது. உன்னைக் கட்டிக்கொண்டேன்.

அவசரப்பட்டுவிட்டேன். மறுநாள் நீ கொடுத்த படத்தில் எல்லாப் பல்லும் இருந்தது. எழுத்தைக் காணோம்.

"இன்னா பண்ணித் தொலைச்ச?"

"நெகட்டிவ்ல பென்சில் போட்டேன். கல்யாணப் பொண்ணு படத்துக்கெல்லாம் குறை மறையப் போட்டுப் போட்டு, கை தானா போயிடுச்சுபா. பல்லு இல்லாம எப்படி வெளியூருக்கு அனுப்புறது?"

"எழுத்து எங்க?"

"அம்மைத் தழும்பு மாதிரி இருந்துச்சு. எடுத்துட்டேன்."

உன்னை அடிக்காமல் விட்டதற்கு எனக்குப் புண்ணியம் உண்டு. மறுபடி எடுத்தோம். இந்தத் தடவை பென்சில் என் மடியில். பார்க்கிறவருக்குச் சந்தேகம் வரக்கூடாதென்று உடைந்த இடத்துக்குப் பக்கத்தில் ஆட்காட்டி விரலை வைத்து நீ கல்லாக உட்கார்ந்தாய். லென்ஸ் மூடியை நான் கழற்றி மாட்டினேன். சீமையிலிருந்து புதுச் சக்கரம் வந்தது. இன்றும் அந்த மெஷின் என் கையில்தான். சின்னச் சாமான் எது கிடைத்தாலும் தள்ளிப் பிடித்து, கிட்டே பிடித்து, உன்னைப் போலவே பக்கத்தில் இருப்பவன் உயிரை வாங்குகிறேன்.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு, உன்னைக் கட்டிய தங்கச்சி வந்து கேட்டது. "அண்ணா, அவரு படம் ஒண்ணாச்சும் வச்சிருக்கியா?"

ஊரையே உட்கார வைத்துப் படமெடுத்த நீ, ஒரு நாளும் கேமரா எதிரே முகம் காட்டி உட்கார்ந்ததில்லை. என்னிடம் இருந்தது சக்கரப் படத்தின் பிரதியில் அந்த விரல் மட்டும்தான். அதற்கே சட்டம் போட்டு மாட்டி, மாலை சார்த்தினோம். பாரம் தாங்காமல் ஆணி பெயர்ந்து படம் கீழே விழுந்தது. கண்ணாடி போயிற்று. சக்கரத்தில் ஏற்கெனவே உடைந்திருந்த பல்லைத் தவிர வேறு சேதமில்லை.